மணியடிக்காத குறிப்பு

போடி ஆஸ்பத்திரியிலிருந்து பேசின டாக்டரம்மா கேட்டது ஒரே கேள்விதான்: சின்னச்சாமி இன்னைக்கு அடிச்ச பூச்சிமருந்துக்கு என்ன பேரு? பேரு தெரிஞ்சா ஆளு வந்து எறங்குறதுக்குள்ள அதுக்கேத்த விஷமுறிவை எடுத்து வச்சிடலாம், பத்து நிமிசத்துல மறுபடி கூப்பிடுறேன்னு வச்சுட்டாங்க. எஸ்டேட் ஆபீசுல கம்ப்யூட்டர் முன்னால உக்காந்திருந்த அமுதவள்ளி சுவத்துக் கடிகாரத்தைப் பாத்தா.

காலையில ஏலச்செடிக்கு மருந்தடிச்சுக்கிட்டு இருந்த மனுசன், பதினோரு மணிக்கு வாயில நுரை தள்ளிச் செடிக்குள்ளயே சாஞ்சுட்டாரு. டிரைவர் பிரபு அள்ளிப் போட்டுக்கிட்டு ஜீப்பைக் கெளப்பிட்டான். இந்நேரம் போடிமெட்டு வளைவுகள்ல எறங்கிக்கிட்டு இருப்பான். மருந்து கேனைக் கொண்டாந்து பாத்தா, ஒழுகுற கொட்டகையில நாலு நாளாக் கெடந்ததுல ஒட்டியிருந்த தாளே இல்ல. முதலாளி யோகராஜுக்குப் போன் போட்டா, கடைக்காரன் குடுத்ததை அனுப்பிவிட்டேன், பேரெல்லாம் எனக்கெங்க தெரியும்னு சொல்றாரு. நல்ல முதலாளி! கடைக்காரரோ குரங்கணியில ஒரு விசேஷ வீட்டுல இருக்காராம், அங்க டவரே எடுக்காது.

வாசல்ல சின்னச்சாமி பொண்டாட்டி மொக்கம்மாள் நின்னுக்கிட்டு இருந்தா. வேற காட்டுல ஏலக்காயெடுத்துக்கிட்டு இருந்தவ, சேதி கேட்டு ஓடி வர்றதுக்குள்ள ஜீப்பு போயிருச்சு. அடுத்த ஜீப்பு வரணும். அவ அழுகல. அமுதவள்ளி முகத்தையே பாத்துக்கிட்டு நின்னா. அழுதிருந்தாக்கூடத் தேவலைன்னு இருந்துச்சு அமுதவள்ளிக்கு.

ஏன்னா அந்தப் பேரை எழுதி வச்சதே அமுதவள்ளிதான். வியாழக்கிழமை கேன் வந்தன்னைக்குக் கடைக்காரர் போன்ல சொல்லச் சொல்ல அவதான் டைப் அடிச்சா. எதுல அடிச்சா? அங்கதான் வில்லங்கம்.

போன மாசம் வரைக்கும் தோட்டத்துச் சேதியெல்லாம் ஒரு தடிச்ச நோட்டுல இருந்துச்சு. இனிமே எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கணும், நல்லதா ஒரு குறிப்பு ஆப் பாத்துப் போடுன்னு யோகராஜ் சொல்லிட்டாரு. ஒண்ணைப் போட்டோமா, சோலி முடிஞ்சதான்னு இல்லாம, இவ மூணை எறக்கி வச்சுக்கிட்டு, பொடவைக்கடையில உக்காந்த மாதிரி அதையும் இதையும் பெரட்டிக்கிட்டு இருந்தா. ஒண்ணு கலர்கலரா இருக்கும், சொன்ன நேரத்துக்கு மணியடிச்சு ஞாபகப்படுத்தும். அதுமேல இவளுக்குக் கொள்ளை ஆசை. இன்னொண்ணு கட்டம் கட்டமா அட்டவணை போடும். மூணாவது வெறும் வெள்ளைத்தாள் மாதிரி, அழகும் கெடையாது, மணியும் கெடையாது. எது சரிப்படுதுன்னு பாக்க, ஒரு நாள் இதுல, ஒரு நாள் அதுலன்னு மூணுலயும் எழுதி வச்சா. நோட்டைக் கட்டிப் பரண்ல போட்டாச்சு.

கலர் ஆப்பைத் தொறந்தா. வட்டம் சுத்துச்சு. சுத்திக்கிட்டே இருந்துச்சு. சின்னச்சாமி சாஞ்ச கையோட பிடிச்ச மழை இன்னும் விடல; மழை கொட்டுனா இந்த மலையில போன் பேசலாம், நெட்டு மட்டும் வராது. கட்டம் போடுற ஆப்பைத் தொறந்தா, உள்ள வர மறுபடி பாஸ்வேர்டு கேட்டுச்சு. போட்டா, நெட்டு இல்லைன்னுச்சு. ரெண்டுமே இவ எழுதினதை எங்கயோ கொண்டுபோய் வச்சுக்கிட்டுக் கதவைச் சாத்திருச்சுக. இத்தனை நாள்ல இது ஒண்ணைக்கூட யோசிக்காம நெறம் பாத்துக்கிட்டு இருந்தோமேன்னு தன்னையே திட்டிக்கிட்டா. சின்னச்சாமி செத்துப்போவாரு, நம்மாலதான் செத்துப்போவாருன்னு மனசு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. ஆறு நிமிசம் போயிருச்சு.

வியாழக்கிழமை என்ன நடந்துச்சு? யோசி, யோசின்னு தலையில தட்டிக்கிட்டா. கேனை எறக்கினப்ப லோடு ஆளுக சாக்கைத் தலையில போட்டுக்கிட்டு வந்தாங்க. அப்ப அன்னைக்கும் மழை. மழைன்னா நெட்டு இருந்திருக்காது. நெட்டு இல்லாம தொறக்குறது எது?

வெள்ளைத்தாள் பொசுக்குன்னு தொறந்துச்சு. அதுல எழுதுறதெல்லாம் இந்தக் கம்ப்யூட்டருக்குள்ளயே கெடக்கும், எவன் தயவும் வேணாம். வியாழக்கிழமைத் தேதியில ஒரே ஒரு குறிப்பு. மேல முதல் வரியில மருந்துப் பேரு, நீளமான இங்கிலீசுப் பேரு.

போனும் அடிச்சுச்சு. அமுதவள்ளி ஒவ்வொரு எழுத்தாப் படிச்சுச் சொன்னா. டாக்டரம்மா திருப்பிச் சொல்லிச் சரிபாத்தாங்க. இதுக்கு முறிவு இங்கயே இருக்கு, வந்ததும் போட்டுடுறோம், இப்போதைக்கு வேற எதுவும் சொல்ல முடியாதுன்னு வச்சுட்டாங்க. மொக்கம்மாள் அப்படியே வந்து அமுதவள்ளி ரெண்டு கையையும் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. அப்பத்தான் மொக்கம்மாளுக்கு அழுகையே வந்துச்சு.

"நீ எழுதி வச்சதுனாலதான் ஆத்தா அவருக்கு வழி பொறந்துச்சு."

அமுதவள்ளி கண்ணு திரையில குறிப்போட மிச்ச வரியில நின்னுருச்சு. அவ விரலால அவளே அடிச்ச வரிக. இவ்வளவு நேரம் பயந்தது ஒரு பயமே இல்ல.

மணியடிக்கிற ஆப்பா இருந்தா வெள்ளிக்கிழமை காலையில அடிச்சிருக்கும். அந்தப் பழக்கத்துலதான், எழுதியாச்சுல்ல, அது பாத்துக்கும்னு விட்டுட்டா. வெள்ளைத்தாள் எதைப் பாத்துக்கும்? வெள்ளிக்கிழமை வெயிலடிச்சுச்சு, நெட்டு வந்துச்சு, கலர் ஆப்புக்கு ஓடிட்டா. நாலு நாளா இந்தப் பக்கமே வரல.

அழிக்கிறதுக்கு ஒரு பட்டன் போதும். மொக்கம்மாளுக்குப் படிக்கத் தெரியாது, வேற யாரும் இதைப் பாக்கல. அந்த நெனப்பு வந்ததுமே அமுதவள்ளி கீபோர்டுலருந்து கையை எடுத்துக்கிட்டா. வெளியே அடுத்த ஜீப்பு வந்து ஆரன் அடிச்சுச்சு. மொக்கம்மாள் முந்தானையால கண்ணைத் தொடச்சுக்கிட்டு, அவரு பேரும் அதுல இருக்கா, இன்னும் என்னமோ எழுதியிருக்கே, என்னன்னு கேட்டா.

அமுதவள்ளி திரையைப் பாத்தே படிச்சா.

"ரொம்பக் காட்டமான மருந்து. மூக்கு வாயை மூடாம, கையுறை போடாம யாரும் அடிக்கக் கூடாது. மருந்தடிக்கிற ஆளுக எல்லார்கிட்டயும் வெள்ளிக்கிழமை காலையில மறக்காம சொல்லணும்."

மொக்கம்மாள் பிடிச்சிருந்த கையை விட்டா. இன்னைக்கு என்ன கெழமைன்னு கேட்டா. திங்கள்னு சொன்னா அமுதவள்ளி.

"காலையில துண்டைக்கூட வீட்டுல வச்சுட்டுத்தானே ஆத்தா வந்தாரு."

மொக்கம்மாள் எறங்கிப்போய் ஜீப்புல ஏறிக்கிட்டா. கலர் ஆப்புல வட்டம் இன்னும் சுத்திக்கிட்டு இருந்துச்சு.