ஆறாவது ஒற்றுமை

பிரிக்பீல்ட்ஸில் மண்டபம் கட்ட அரசாங்கம் ஒதுக்கிய மனைகள் இரண்டு. மனுப் போட்ட சங்கங்கள் மூன்று: சிங்களப் பௌத்தர், சீக்கியர், யாழ்ப்பாணச் சைவர். பௌத்தமும் சீக்கியமும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று காட்டிவிட்டால் அவ்விருவருக்கும் ஒரு மனை, மற்றது சைவருக்கு. மனைகளைப் பிரித்துக்கொடுக்கும் வெள்ளைக்காரத் துரை அதற்கு ஓர் அறிக்கை கேட்டார். எழுதும் வேலை அவரது குமாஸ்தா வல்லிபுரத்துக்கு வந்தது. சைவ சங்கத்தின் காரியதரிசியும் வல்லிபுரமே. அதில் பிழை இருப்பதாக 1926இல் யாருக்கும் தோன்றவில்லை.

ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு விகாரைக்குப் போனார்.

“உச்சி கடந்துவிட்டது. தண்ணீர்தான் தரலாம்,” என்றார் பிக்கு.

பிறர் சமையலுக்கு அஞ்சும் வல்லிபுரத்துக்கு நிம்மதி. குறித்துக்கொண்டார்: மழித்த தலை, உச்சிக்குப் பின் உணவில்லை, கடவுளைப் பற்றிப் பேச்சில்லை.

“சாதி?”

“புத்தர் பார்க்கவில்லை.”

“இலங்கையில் நீங்கள் பார்க்கிறீர்களே?”

“நான் புத்தரைப் பற்றிச் சொன்னேன்,” என்றார் பிக்கு.

அங்கிருந்து சீக்கியரின் குருத்துவாரா. மழிக்காத முடி; மூடிய தலை; கடவுள் ஒருவரே. எந்நேரமும் அடுப்பு எரிந்தது. கேள்வியைத் தொடங்குமுன் ஓய்வுபெற்ற சீக்கியப் போலீஸ்காரர் அவர் தோளை அழுத்தி உட்காரவைத்தார். “முதலில் பந்தி. பிறகுதான் பேச்சு.”

பக்கத்தில் பக்கிரிசாமி இருந்தான். வல்லிபுரம் வீட்டுப் பின்சந்தில் தினமும் கக்கூஸ் வாளி எடுப்பவன்.

“ஐயா! நீங்களுமா? பருப்பு கெட்டியா இருக்கும். ரொட்டியப் பிச்சுத் தொட்டுக்குங்க.”

“நீ இஞ்ச என்ன செய்யிறாய்?”

“ஞாயித்துக்கிழமைன்னா வந்துருவேங்க. நம்ம கோயில்ல வாசலோட சரி. இங்க பாருங்க, எனக்குப் போட்டுட்டுத்தான் ஒங்களுக்கு.”

எழுந்தால் பேச்சில்லை, பேச்சில்லாமல் அறிக்கையில்லை, அறிக்கையில்லாமல் மனையில்லை. சாப்பிட்டார். சுவையாக இருந்ததுதான் அவரை அதிகம் வருத்தியது.

அறிக்கையில் வேற்றுமைகளைச் சுருக்கி, ஒற்றுமைகள் ஆறு எழுதினார். செருப்பைக் கழற்றுதல், தரையில் அமர்தல், மது விலக்கு, குருவின் சொல், வினையும் மறுபிறப்பும். ஆறாவது: சாதி பார்க்காமை, ஒரே பந்தி.

சைவ சங்கத் தலைவர் கந்தப்பு அறிக்கையைப் படித்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினார். “பந்தியோ? ஆர் பக்கத்தில ஆர் இருந்தது?”

“கேள்விப்பட்டதுதான்.”

“கேள்விப்பட்டதை ஏன் காணும் எழுதுறீர்? அந்த வரியை அடிச்சுவிடும்.”

வல்லிபுரம் கோடு போட்டு அடித்தார். அதைப் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்தார்.

துரை நிதானமாகப் படித்தார். “வல்லிபுரம், இந்த ஐந்தில் உங்கள் மதத்தில் இல்லாதது எது?”

வல்லிபுரம் விரல்விட்டு எண்ணினார்; ஐந்தும் சைவத்தில் இருந்தன.

“இந்த அடித்த வரி?”

சைவத்தில் இல்லாதது அது ஒன்றுதான்; சொன்னால் மனை கிடைக்கும், பந்தியில் உட்கார்ந்ததும் வெளியே வரும்.

“பிழையாக எழுதிவிட்டேன், துரை.”

“அப்படியானால் மூவரும் ஒன்றுதான். நல்ல அறிக்கை. மூவருக்கும் ஒரு மனை, ஒரே மண்டபம். மற்றதில் டென்னிஸ் திடல் போடலாம்.”

மறுநாள் காலை பின்கதவுக்கு வெளியே வாளி வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு பக்கிரிசாமியின் குரல்.

“ஐயா, எல்லாருக்கும் ஒரே மண்டபமாமே? பந்தி என்னைக்குங்க?”