ஆதிராவின் பொடிப் பொட்டலம்

எடை போடும் நாள் வந்தாலே சத்யபாமா டீச்சருக்குக் காலையிலேயே தலைவலி தொடங்கிவிடும். அங்கன்வாடிக்குள் பதினோரு பிள்ளைகள். மூன்று பேர் அழுதார்கள், இரண்டு பேர் ஒரே பந்துக்காக ஒருவர் தலைமுடியை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். டீச்சரோ வெளியே ரப்பர் மரத்தடியில் போனை உயர்த்திப் பிடித்து நெட்வொர்க் தேடிக்கொண்டிருந்தாள். பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் சொல்லிக்கொடுக்கத்தான் அவள் இந்த வேலைக்கு வந்தாள். இப்போது வருகையைப் போனில் போட வேண்டும், உப்புமாவைப் படம் எடுக்க வேண்டும், பிள்ளைகள் உப்புமா தின்பதையும் படம் எடுக்க வேண்டும்.

உள்ளேயிருந்து ஆயா ஸ்ரீகுமாரி குரல் கொடுத்தாள். "டீச்சரே, மனு உப்புமாவ தின்னாம கையில வச்சிட்டு நிக்கான். போட்டோ எடுத்தாச்சாண்ணு கேக்கான்."

"தின்னச் சொல்லு அவன! போட்டோ பொறவு எடுக்கலாம்" என்று டீச்சர் அங்கிருந்தே கத்தினாள்.

பாறசாலைக்கும் நெய்யாற்றங்கரைக்கும் நடுவில் இருந்த அந்த வார்டில் அவளுக்கு இது இருபத்திரண்டாவது வருஷம். அங்கன்வாடிக்கு வரும் பிள்ளைகள் போக, மூன்று வயது ஆகாத குழந்தைகளும் அவள் பொறுப்புதான். மாதம் ஒருமுறை அவர்களுக்கு எடை பார்க்க வேண்டும், அமிர்தம் பொடிப் பொட்டலங்களைத் தாய்மார் கையில் கொடுக்க வேண்டும். கோதுமை, கடலை, சோயா, நிலக்கடலை, சீனி எல்லாம் சேர்த்து அரைத்த அந்த மாவைப் பாலில் காய்ச்சிக் கொடுத்தால் நோஞ்சான் பிள்ளைகூடத் தேறிவிடும். இருபத்திரண்டு வருஷமாக அவள் கண்ணால் கண்டது அது.

பத்து மணிக்குக் குற்றாலிங்கம் வீட்டு மருமகள் சுஜா குழந்தை ஆதிராவை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். வாங்குவது தாய்தான் என்று பதிவாக டீச்சரின் போனுக்கு முகம் காட்டினாள், பொட்டலங்களை வாங்கிப் பையில் வைத்தாள். அதில் அவள் ஒரு மாதமும் தவறியதில்லை. டீச்சர் குழந்தையைத் தொங்கு தராசின் துணியில் உட்காரவைத்தாள். இரண்டு வயது எட்டு மாதம் ஆன பிள்ளை ஒன்பது கிலோ எண்ணூறு இருந்தது. போன மாதத்தைவிட நூறு கிராம் குறைவு.

"சுஜா, இது மூணாவது மாசமாக்கும். மொத்தம் முந்நூறு கிராம் எறங்கியிருக்கு. பொடி கொடுக்கியா?"

"கொடுக்கேன் டீச்சர். ரெண்டு நேரமும் கொடுக்கேன்." சுஜா சொன்னது டீச்சரின் முகத்தைப் பார்த்து அல்ல, சுவரில் ஒட்டியிருந்த மாம்பழப் படத்தைப் பார்த்து.

அட்டையில் ஆதிராவின் கோடு மறுபடியும் மஞ்சளில் விழுந்தது. மஞ்சள் என்றால் எடைக் குறைவு. போன மாதம் இதே கோட்டுக்காகத்தான் சுஜாவின் மாமனார் குற்றாலிங்கம் நேரில் வந்து நின்றார். வில்லேஜ் ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அரை நூற்றாண்டுக்கு முன்பு பாதி வார்டு அவர் குடும்பத்தின் நிலம். "எங்க வீட்டுல பிள்ள பட்டினி கெடக்கதாட்டா எழுதி வச்சிருக்கிய? அத பச்சையில மாத்திப் போடுங்க டீச்சரே" என்றார். எடையை மாற்றி எழுத மாட்டேன் என்று டீச்சர் சொல்லிவிட்டாள். அவர் அன்றைக்குத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவர்தான்.

அந்த உதறல் எங்கே போய் விழுந்தது என்பது மத்தியானம் தெரிந்தது. சூப்பர்வைசர் அமிர்தா போனில் அழைத்தார்.

"டீச்சர், ஒங்க மேல எழுத்து மூலம் ஒரு பராதி வந்திருக்கு. குற்றாலிங்கம்ணு ஒருத்தர். நல்ல பொடிய நீங்க மாத்திட்டு மட்டமானத கொடுக்கியளாம். அதனாலதான் பேத்திக்கு வெயிட்டு கூடலியாம்."

டீச்சருக்குக் காது சூடாகிவிட்டது. "மேடம், நானா?"

"எனக்கு ஒங்களத் தெரியும். ஆனா பொட்டலம் முழுசும் போயிருக்கு, வெயிட்டு எறங்கியிருக்கு. அப்ப பொடி எங்க போச்சுண்ணு மேல கேக்கத்தான செய்வாங்க? வெள்ளிக்கெழமைக்குள்ள விளக்கம் எழுதித் தரணும். திருப்தியா இல்லண்ணா வேலையில இருந்து நிறுத்தி வைக்கவும் செய்வாங்க."

பொடித் திருடி. பிள்ளைகளின் மூக்கைத் துடைத்து, மலம் கழுவி, மழையில் வீடு வீடாக ஏறி இறங்கியதற்குக் கிடைத்த பேர் அது. டீச்சருக்கு அழுகையைவிட எரிச்சல்தான் முந்திக்கொண்டு வந்தது. ஆனாலும் ஒரு சந்தேகம் அரித்தது. ஒருவேளை தராசில் பிழை இருக்குமோ? நாலு மணிக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, தராசைத் தோளில் மாட்டிக்கொண்டு குற்றாலிங்கம் வீட்டுக்கு நடந்தாள். போகிற வழியில் கடையில் ஐந்து கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டுப் பார்த்தாள். தராசு சரியாக ஐந்து காட்டியது.

முன்வாசலில் கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. பின்பக்கம் ஆள் சத்தம் கேட்கவே சுற்றிக்கொண்டு போனாள். ஆதிரா படியில் உட்கார்ந்து ஒரு பிஸ்கட்டின் நடுவில் இருந்த கிரீமை மட்டும் நக்கிக்கொண்டிருந்தாள். சற்றுத் தள்ளி, பலா மரத்தடியில், குற்றாலிங்கம் ஒரு பொட்டலத்தின் வாயைப் பல்லால் கடித்துக் கிழித்து, கஞ்சித்தண்ணி வாளியில் கொட்டிக் கலக்கினார். ஒரு கறுப்புக் கிடாக்குட்டி வாளிக்குள் கழுத்துவரை தலையை விட்டது.

காலையில் டீச்சர் தன் கையால் கொடுத்த பொட்டலம் அது.

"சாரே, இது என்னது?"

குற்றாலிங்கம் திடுக்கிட்டுத்தான் போனார். ஆனால் உடனே நிமிர்ந்துகொண்டார். "என்னத்துக்கு சாடுகிய? எங்களுக்குத் தந்த பொடி. எங்களுக்க ஆடு."

"அப்ப பிள்ளைக்கு?"

"பிள்ளைக்கு டின்னுல வாற நல்ல சத்துமாவு கடையில இருந்து வாங்கி வச்சிருக்கு. இல்லாதவங்களுக்குக் கொடுக்கிய ஓசிப் பொடிய எனக்க பேத்திக்கு கலக்கிக் கொடுக்கணுமாக்கும்?"

"ஒரு கரண்டிகூட பிள்ளைக்க வாயில போகல. பொறவு எப்பிடி சாரே பொடி மட்டம்ணு பராதி எழுதினிய?"

அவர் காலிப் பொட்டலத்தைக் கசக்கி வேட்டி மடிப்புக்குள் திணித்தார். ஆடு வாளியின் அடியை நக்கியது. டீச்சர் தராசைப் பலா மரக் கிளையில் மாட்டினாள். ஆட்டை அப்படியே வாரித் துணியில் போட்டாள். அது கத்திக்கொண்டு காலை உதைத்தது.

"இத வாங்கினப்ப எத்தன கிலோ?"

"ஒம்பது" என்றார் குற்றாலிங்கம், தன்னை அறியாமல். "மூணு மாசம் ஆச்சு."

"இப்ப பதினாலரை. ஆட்டுக்கு அஞ்சரைக் கிலோ கூடியிருக்கு, பிள்ளைக்கு முந்நூறு கிராம் கொறஞ்சிருக்கு. எனக்கு விளக்கமே எழுத வேண்டாம் சாரே. இந்த ஆட்டக் கொண்டுபோய் மேடத்துக்க மேசையில நிறுத்தினா போதும்!"

அடுக்களை வாசலில் சுஜா அழுதுகொண்டு நின்றாள். "டீச்சர், நான் பொய் சொல்லிட்டேன். மொதல்ல ரெண்டு தடவ பொடியப் பால்ல கலக்கிக் குறுக்கு காச்சிக் கொடுத்தேன். பிள்ள கிண்ணத்த வழிச்சுத் தின்னா. மாமா கண்டுட்டு எடுத்துக் கொட்டிட்டாங்க. டின்னுல உள்ளத இவ வாயிலயே வைக்க மாட்டா. செரி, பொடி வாங்கப் போகலண்ணு சொன்னா, நமக்கு உள்ளத எதுக்கு விடணும்ணு அனுப்பியதும் அவங்கதான்."

"நீயும் மாசாமாசம் வந்து, கொடுக்கேன் கொடுக்கேன்னு சொன்னியே மக்கா" என்றாள் டீச்சர். அவள் தராசைக் கழற்றிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

பின்னால் குற்றாலிங்கத்தின் குரல் தணிந்து வந்தது. "டீச்சரே, ஆட்டுக்க காரியத்த எழுதாதீங்க. ஊரு சிரிக்கும்."

"என்னப் பொடித் திருடீண்ணு எழுதினப்ப ஊரு அழுமாக்கும்ணா நெனச்சிய?"

வெள்ளிக்கிழமை சூப்பர்வைசர் அங்கன்வாடிக்கே வந்துவிட்டார். சேதி பரவி, தாய்மார் ஏழெட்டுப் பேர் வாசலில் நின்றார்கள். டீச்சர் எழுதிய விளக்கம் பைக்குள் இருந்தது. ஆட்டின் எடையும் அதில் இருந்தது. அவள் அதை எடுக்கப் போன நேரத்தில், சலவை வேட்டியில் குற்றாலிங்கம் படி ஏறி வந்தார். பின்னால் சுஜாவும் ஆதிராவும்.

முப்பது வருஷம் ஆபீசில் மற்றவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்த கை அவருடையது. அந்த முத்து முத்தான எழுத்தில் ஒரு தாள் கொண்டுவந்திருந்தார். சூப்பர்வைசர் அதை உரக்கவே வாசித்தார். "பொடியில் குறை இல்லை. டீச்சரிடமும் குறை இல்லை. பேத்திக்குக் கிடைத்ததை நான் ஆட்டுக்குக் கொடுத்தேன். என் புகாரைத் திரும்பப் பெறுகிறேன்."

தாய்மாரில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இன்னும் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்கள் வீட்டில் அந்தப் பொடியைக் கொத்தித் தின்னும் கோழிகள் உண்டு.

"ரெண்டு நாளா சுஜா குறுக்கு காச்சிக் கொடுக்கா" என்றார் குற்றாலிங்கம், தலையைத் தூக்காமல். "பிள்ள இன்னும் தாண்ணு கேக்குது. ஓசியில வாறது மட்டம்ணு நெனச்சிட்டேன் டீச்சரே. எனக்க தப்பு."

டீச்சருக்கு எரிச்சல் இன்னும் முழுவதும் ஆறவில்லை. இருந்தாலும் ஆதிராவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். வாசலில் நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படியாகவே சொன்னாள்.

"அது ஓசியில்ல சாரே. பணக்காரன் வீடு, இல்லாதவன் வீடுண்ணு பாத்துத் தாறதுமில்ல. அது பிள்ளைக்க பங்கு. பெரியவங்களுக்க கௌரவத்துக்காக பிள்ளைக்க பங்க எடுத்து ஆட்டுக்குப் போட்டா, வீட்டுல ஆடுதான் வளரும். பிள்ள வளராது."