மங்கல் கல்லுக்குள் நட்சத்திரம்

பட்டறையில் மாமனாரும் கொழுந்தனும் கைவிட்ட நீலக்கல் அது. உள்ளே பால் கலந்ததுபோல் மங்கல். "பட்டை தீட்டினா பல்லிளிக்கும். தூக்கிப் போடும்மா," என்றார் மாமனார்.

மருமகள் போடவில்லை. விளக்கருகே திருப்பிப் பார்த்தாள். மங்கலுக்குள் மெல்லிய இழைகள் மூன்று திசையில் ஓடின. அதனால் பட்டை தீட்டாமல், மேல்பக்கத்தை உருண்டையாகத் தேய்த்தாள். நான்கு நாள் சக்கரத்தை விட்டு நகரவில்லை.

"அண்ணி கூழாங்கல் செய்றாங்க," என்று சிரித்தான் கொழுந்தன்.

ஐந்தாம் நாள் கல்லை வெயிலில் வைத்தாள். அதன் உச்சியில் ஆறு கதிர்களோடு வெள்ளை நட்சத்திரம் ஒன்று எழுந்து நின்றது. கொழுந்தன் குனிந்து கல்லை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான்.

"நாப்பது வருஷமா கல்லு பாக்கறேன். எனக்குத் தெரியலையேம்மா," என்ற மாமனார், தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

அவள் தயங்காமல் உட்கார்ந்தாள். "தம்பி, நீங்க ஒதுக்கி வச்சதெல்லாம் கொண்டு வாங்க."