கறை படாத நாக்கு

பிளாக்பெரியில் மினுங்குகிற பழத்தைத்தான் பறித்துப் பெட்டியில் போட வேண்டும். மினுக்கம் போய் மங்கிக் கறுத்த பழம் தொட்டவுடனே கையோடு வந்துவிடும், வாயில் வைத்தால் தேன். ஆனால் கடைக்குப் போய்ச் சேருமுன் கசிந்துவிடும் என்று அதைத் தனி வாளியில் போடச் சொல்லியிருந்தார்கள். சிவாஜினி கையுறையின் மூன்று விரல் நுனிகளை வெட்டிவிட்டு, அந்த மூன்று விரலாலும் முள்ளுக்குள் புகுந்து புகுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். விடிய ஐந்தரைக்கு நகரத்தில் கோட்-வெர்த்து மெட்ரோ வாசலில் ஏறிய பதினான்கு பேரையும், தோட்டங்களுக்கு ஆள் சேர்த்துக் கொண்டுபோகிற அன்டனின் வான் ஒன்றரை மணித்தியாலம் ஓடி இந்தத் தோட்டத்தில் இறக்கியிருந்தது.

அடுத்த வரிசையில் மாக்கிரட் அக்கா. ஆள் தெரியாது, இலைகளுக்கு அப்பாலிருந்து குரல் மட்டும் வரும்.

"பிள்ளை, மங்கினதைக் கண்டா எனக்கு மனசு கேக்குதில்லை. வாளியில போட்டா குப்பைக்கு. வாயில போட்டாப் புண்ணியம்."

"பிடிபட்டா?"

"பிடிபட்டா நாக்கை அறுக்கவே போகினம்? ஒருக்கா வோர்னிங் தருவினம். நீயும் ஒண்டு போடன்."

"நான் விரதம் அக்கா. நல்லூரில இண்டைக்குத் தேர்."

"உங்கட முருகன் உதுக்கெண்டு கனடாவுக்கு வந்து பாக்கிறவரோ?"

"உங்கட மாதா வந்து பாக்கிறா எண்டுதானே நீங்கள் வானுக்குள்ள செபமாலை உருட்டுறீங்கள்."

மாக்கிரட் அக்கா சிரித்தார். சிரிப்புக்கு நடுவே எதையோ விழுங்குகிற சத்தமும் கேட்டது.

நகரத்தின் சென்ட் லோரன்ட் பகுதியில் சிவாஜினி தைத்துக்கொண்டிருந்த தொழிற்சாலை மூடி இரண்டு வருடமாகிறது. அன்றிலிருந்து கோடைக்குத் தோட்டம், பனிக்குச் சோமாஜ். வேலையில்லாத ஐந்து மாதத்துக்கும் அரசாங்கம் கொடுக்கிற அந்தப் பணம் கிடைக்க வேண்டுமென்றால் இத்தனை மணித்தியாலம் வேலை செய்தேன் என்று காட்ட வேண்டும். அவளுக்கு இன்னும் ஒன்பது நாள் குறைந்தது. கணவன் ஸ்ரீதரன் கிழமைக்கு மூன்று தரம் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வந்து படுக்கிற மனிதன், அவனை நம்பி ஒன்றுமில்லை. மற்றத் தோட்டங்களில் பறிப்பு முடிந்துவிட்டது. இந்த வானை விட்டால் வேறு வானும் இல்லை.

ராஸ்பெரி முந்தின நாளோடு முடிந்து, பிளாக்பெரியில் அன்றுதான் கை வைத்தார்கள். காலையில் முதல் பறித்த ஐந்து பழத்தையும் சிவாஜினி பெட்டியில் போடவில்லை. எந்த மரத்திலும் முதல் பறிப்பு சாமிக்குத்தானே. ஓரமாகப் படர்ந்திருந்த பூசணியில் ஓர் இலையை முறித்து வரிசையின் முதல் கம்பத்தடியில் விரித்து, பழங்களை வைத்து, ஒரு நிமிடம் கண்ணை மூடினாள். கொண்டுபோவதற்கல்ல. சாமி பார்த்த பிறகு குருவி தின்னட்டும். கண்ணைத் திறந்தால் அதற்குள் இரண்டு குளவி. படைத்ததில் குளவி இருக்க விடலாமா என்று இன்னோர் இலையால் மூடி, காற்றுக்குப் பறக்காமல் ஒரு கல்லையும் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

பத்து மணிபோல் தோட்டக்காரரின் மகள் வந்தாள். பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளை, கோடை லீவுக்கு மேற்பார்வை பார்க்கிறாள். மூக்கில் வெயில் கிறீம் வெள்ளையாய் அப்பியிருந்தது. சப்பாத்து நுனியால் கல்லைத் தள்ளினாள். இலையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு அன்டனைக் கூப்பிட்டாள்.

"உது ஆர் அக்கா வச்சது?" என்று அன்டன் கேட்டான்.

"நான்தான் தம்பி. சாமிக்கு."

அன்டன் அதை மொழிபெயர்க்குமுன் அந்தப் பிள்ளை எதையோ சொல்லி, தன் நாக்கை நீட்டிக் காட்டினாள்.

"நாக்கைக் காட்டட்டாம்."

தன் மகள் வயதுப் பிள்ளைக்கு முன்னால் சிவாஜினி நாக்கை நீட்டினாள். விரதத்தில் வறண்டு வெளிறிய நாக்கு. ஒரு பொட்டுக் கறை இல்லை. அவளுக்கு மூச்சு வந்தது. அந்தப் பிள்ளையோ தலையை ஆட்டி அன்டனோடு நெடுநேரம் கதைத்தாள். அன்டன் நிலத்தைப் பார்த்தான்.

"நீங்கள் தின்னேல்லையாம். தின்னாட்டி, கொண்டுபோகத்தானே ஒளிச்சு வச்சது எண்டுறா. திண்டா வோர்னிங் அக்கா. களவெண்டா வேலையால நிப்பாட்டுறதாம்."

"களவோ? சாமிக்கெண்டு சொல்லும் தம்பி."

"கல்லு வச்சு மூடியெல்லோ கிடக்கு."

"குளவிக்கு மூடினனான். அதைச் சொல்லுமன்."

அன்டன் குரலைத் தணித்தான். "போன கிழமை சாப்பிட ஒரு நிழல் கேட்டதுக்கே முகத்தைத் திருப்பினவை. நான் சாமி, குளவியெண்டு வாதாடப் போனா, உங்கட ஆக்களே வேண்டாம் எண்டுவினம். மிச்சம் பதின்மூண்டு பேர் இருக்கினமக்கா."

அந்தப் பிள்ளையின் பக்கம் திரும்பி ஒரேயொரு சொல் சொன்னான். சிவாஜினிக்குத் தெரிந்த நாலு பிரெஞ்சுச் சொல்லில் அதுவும் ஒன்று, மன்னிப்புக் கேட்கிற சொல். "பர்தோன்."

தோட்டத்துக்கு வருமுன் மாக்கிரட் அக்கா பத்து வருடம் ஒரு கார்டறியில், குழந்தைகள் காப்பகத்தில், சமைத்தவர். பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு அவர்களின் மொழியிலேயே கதை சொல்லித் தூங்க வைத்தவர். சிவாஜினி இலைகளுக்குள்ளால் அவரைத் தேடினாள். இரண்டு கண் தெரிந்தது. அதற்குக் கீழே இறுக்கி மூடிய உதடு.

"மெர்சி, மதாம்," என்று அந்தப் பிள்ளை மரியாதையாக நன்றி சொல்லி, பழத்தையும் இலையையும் சேர்த்து மங்கின பழ வாளியில் கொட்டினாள்.

நகரத்துக்குப் போக பஸ் கிடையாது. வேலை போனாலும் மாலையில் வான் வெளிக்கிடும்வரை சிவாஜினி வானடியில்தான் இருக்க வேண்டும். சாப்பாட்டு நேரம் மாக்கிரட் அக்கா வந்து பக்கத்தில் வான் படியில் உட்கார்ந்தார். சுற்றிக் கொண்டுவந்த பாண் துண்டைப் பிரித்தார், பிறகு அப்படியே சுற்றி வைத்தார்.

"நான் கதைச்சிருக்கலாம் பிள்ளை."

"நீங்கள் அந்த நாக்கோட வாயைத் திறந்திருந்தா, களவுக்குக் கூட்டெண்டு இப்ப ரெண்டு பேரும் ஒண்டாத்தான் குந்தியிருப்பம்."

மாக்கிரட் அக்காவால் சிரிக்க முடியவில்லை. கறுத்திருந்த நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டார். "உன்ர ஒன்பது நாளுக்கு என்ன செய்யப்போறாய்?"

"தெரியேல்லை அக்கா. போங்கோ, விசில் ஊதுகினம்."

வெயில் சாய்கிற நேரம் ட்ரக்டர் வந்தது. வானுக்குப் பின்னாலிருந்த குழியில், அன்று சேர்ந்த மங்கின பழம் முழுவதையும் கொட்டியது. ஒரு பெட்டி இரண்டு பெட்டியல்ல, இழுவைப் பெட்டி நிறைய. ஓட்டி வந்தவன் அவளைக் கண்டு கையசைத்துவிட்டு அடுத்த நடைக்குப் போனான். குவியலின் சரிவில் ஒரு பூசணி இலை ஒட்டிக்கொண்டு கிடந்தது. குளவிகள் வந்து அதை மூடின. குழி நிரம்பி, கருஞ்சாறு மண்ணைக் கீறிக்கொண்டு வான் பக்கமாக இறங்கி வந்தது. காலையிலிருந்து ஒன்றும் தின்னாத சிவாஜினி, சப்பாத்தில் கறை படாமல் இரண்டு காலையும் வான் படியில் தூக்கி வைத்துக்கொண்டாள்.