வேட்பாளரின் அக்கா

...நல்ல பிள்ளைதான், யார் இல்லை என்றது, எனக்கு முன்னால் நிற்கிற தையல்காரம்மா வாய் ஓயாமல் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள், "உங்க தம்பி மாதிரி ஒரு பிள்ளை கிடைக்கணுமே, பெத்த தாயை இப்படித் தாங்குறவர் ஊரைத் தாங்க மாட்டாரா?" என்கிறாள், நானும் பல்லைக் காட்டி வைக்கிறேன், வேறென்ன செய்ய, ஓட்டுச்சாவடி வரிசையில் மேயர் வேட்பாளரின் அக்கா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றால் நன்றாகவா இருக்கும். பள்ளிக்கூடச் சுவருக்கு அந்தப் பக்கம் போஸ்டர் தெரிகிறது, என் தம்பி அம்மாவின் தோளில் கன்னத்தை வைத்துச் சிரிக்கிறான், அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள், நிமிர்ந்து! பக்கவாதம் வந்து ஆறு வருஷமாக ஒரு பக்கம் சாய்ந்தே கிடக்கிறவள் எப்படி நிமிர்ந்தாள் என்று இந்த ஊரில் ஒரு ஜென்மமாவது யோசித்ததா? நாற்காலிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் முட்டுக்கொடுத்தவள் நான், "அக்கா, இன்னும் கொஞ்சம் குனிஞ்சுக்கோ, தலை தெரியுது" என்று அவன் சொல்லச் சொல்லக் குனிந்தவள், அம்மா இடுப்போரம் தெரிகிற நாலு விரலும் என்னுடையவை, ஊர் அதையும் அவன் கை என்றே நினைத்துக்கொண்டது. அம்மாவைப் பார்த்துக்கொண்டவர் நகரத்தையும் பார்த்துக்கொள்வார் என்று கீழே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பார்த்துக்கொண்டானாம்! வந்தால் அறை வாசலோடு சரி, அம்மாவுக்குக் காது கேட்காது என்று யார் சொன்னார்களோ, "எப்படிம்மா இருக்கீங்க?" என்று ஒரு கத்தல், உடனே போன் வந்த மாதிரி காதில் வைத்துக்கொண்டு ஓட்டம்.

சரி, தம்பி என்பதை விடு, ஓட்டுப் போடுகிறவளாக யோசி, இந்த வேலைக்கு அவன் லாயக்கா? எதையாவது முழுசாக முடித்திருக்கிறானா? ஆரம்பிப்பான், கைதட்டல் வாங்குவான், மிச்சத்தை யாராவது முடிப்பார்கள், யாராவது என்றால் யார், நான்தான்... பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு அட்டைப் பாலம் ஒட்டியது நான், மேடை ஏறியது அவன். அவனை எதிர்த்துத் தேர்தலில் நிற்கிறாளே, ரிட்டயரான பொறியாளர் அம்மா, சிரிக்கவே தெரியாத மனுஷி, எங்கள் தெருவுக்கு வந்து சாக்கடை மூடியைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தாள், "குழாயே சின்னதுங்க, மொத்தமா மாத்தணும், ரெண்டு வருஷம் ஆகும், அதுவரைக்கும் மழை பெஞ்சா வீட்டுக்குள்ள வரத்தான் செய்யும்" என்றாள், ஒரு கை தட்டவில்லை. மறுநாள் இவன் வந்தான், மூடியைத் திறக்கவும் இல்லை, குனியவும் இல்லை, "மூணே மாசம்!" என்றான், தெருவே விசிலடித்தது. யாருக்குப் போட வேண்டும் என்று எனக்கென்ன தெரியாதா, கண்ணை மூடிக்கொண்டு அந்த அம்மாவுக்குப் போடலாம்.

ஆனால் பாழாய்ப்போனவன் மைக்கில் சொல்லித் தொலைத்துவிட்டானே, "ஜெயிச்ச மறுநாளே எங்கம்மாவை மேயர் பங்களாவுக்குக் கூட்டிட்டுப் போய் என் பக்கத்துலயே வெச்சுக்குவேன்" என்று, அத்தனை பேர் முன்னால் சொன்னதை எப்படி முழுங்குவான்? தோற்றால் எங்கள் தெருப்பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டான். ஜெயித்தால்... ஜெயித்தால் எனக்கு ஒரு முழுத் தூக்கம், அவசரமில்லாத ஒரு குளியல், ஒரு சினிமா, இடைவேளை வரைக்குமாவது. இப்போதுகூடப் பக்கத்து வீட்டுப் பெண்ணை அம்மா பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன், அவள் தண்ணீர் கொடுத்துவிடாமல் இருக்க வேண்டுமே, பத்துத் தடவை சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்குத் தண்ணீரைத் தண்ணீராகக் கொடுக்கக் கூடாது, மாவு கலந்து கூழாக்கி, முகவாயைத் தாழ்த்தி, ஒரு ஸ்பூன், தொண்டை இறங்கியதா என்று பார்த்துவிட்டு அடுத்த ஸ்பூன், இல்லையென்றால் நேரே நுரையீரலுக்குப் போய்விடும், போன வருஷம் அப்படிப் போய்த்தான் ஆஸ்பத்திரியில் கிடந்தாள், பிழைத்ததே பெரிய விஷயம். துரைக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? சொன்னால், "ஐயோ அக்கா, இதெல்லாம் உன்னாலதான் முடியும்" என்று அங்கேயே ஒரு கும்பிடு போட்டுவிடுவான், மைக்கில் சொன்னதைத் தட்டிக்கழிக்கவும் ஒரு நல்ல சாக்குக் கிடைத்துவிடும்...

"அடுத்து யாருங்க, சீக்கிரம் வாங்க" என்கிறார் அதிகாரி. சீட்டை வாங்கிக்கொண்டு அட்டை மறைப்புக்குள் போகிறேன், இரண்டு சின்னங்களும் அடுத்தடுத்து இருக்கின்றன, முத்திரையைக் கையில் எடுக்கிறவரைக்கும் பொறியாளர் அம்மாதான், சத்தியமாக அவள்தான், முத்திரை என் தம்பியின் சின்னத்தில் விழுந்துவிட்டது, விழுந்தது என்ன விழுந்தது, நான்தான் குத்தினேன்.

கேட்டுக்கு வெளியே அவன் தனியாக நிற்கிறான், தொண்டர்கள் எல்லாரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள் போல, தூக்கமில்லாமல் கண் வீங்கியிருக்கிறது, பாவமாகத்தான் இருக்கிறது சனியனைப் பார்த்தால். "போட்டாச்சாக்கா?" என்றான். "ம்" என்றேன். யாருக்கு என்று கேட்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "அம்மாவை நெனச்சாதான் கொஞ்சம் பயமா இருக்குக்கா, சாப்பாடு, தண்ணி, மாத்திரை... வேற எதுவும் தெரிஞ்சுக்கணுமா? அவ்வளவுதானே?" என்றான். கேட்டுவிட்டு நின்றான், ஓடவில்லை, போனை எடுக்கவில்லை, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அவ்வளவுதான்டா" என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது, அவன் "மூணே மாசம்" என்றானே, அந்த மாதிரி, மூடியைத் திறக்காமலே... திரும்பிப் போய்ச் சொல்லிவிடலாம், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்தான் இன்னும் நிற்கிறான், டேய், தண்ணி மட்டும் என்று ஆரம்பித்தால் போதும், வாய் வரைக்கும் வந்துவிட்டது, கால்தான் நிற்காமல் வீட்டைப் பார்த்து நடக்கிறது, தெருமுனை வந்துவிட்டது, கடவுளே, என் ஒரு ஓட்டு போக மிச்சம் எல்லாமே அந்தப் பொறியாளர் அம்மாவுக்கு விழட்டும், இவன் தோற்றுவிடட்டும், தோற்றுவிட்டால் நான் எதையும் சொல்ல வேண்டியதில்லை... அப்படியானால் எதற்கு அவனுக்குப் போட்டேன்?