சூடாமணியின் பேட்ச்

தி.நகரில் அந்தத் துணிக்கடையின் மூன்றாவது மாடி முழுவதும் முகூர்த்தப் பட்டுதான். மெத்தைமேல் புடவையை விரித்துக் காட்டுவது அங்கே வேலை செய்யும் எல்லாப் பெண்களுக்கும் வரும். தன் மேலேயே கட்டிக் காட்டுவது சூடாமணிக்கு வருவதுபோல் வேறு யாருக்கும் வராது. கடைச் சீருடைப் புடவையின் மேலேயே பட்டைச் சுற்றி, கொசுவத்தை மடித்துச் செருகி, முந்தானையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் மெல்லத் திரும்புவாள். அதுவரை கரை சின்னது, நிறம் மங்கல் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அந்த ஒரு நிமிட மௌனத்துக்காகத்தான் அவள் தினமும் சைதாப்பேட்டையிலிருந்து ரயிலேறி வந்தாள். தன் கல்யாணத்துக்குக்கூட அவளுக்குப் பட்டு வாய்க்கவில்லை. இங்கே ஒரு நாளைக்குப் பத்துப் பட்டு கட்டினாள்.

ஐம்பதைத் தாண்டியதும் அந்த அனல் வந்தது. நெஞ்சுக்குள் யாரோ அடுப்பு மூட்டியதுபோலத் தொடங்கி, கழுத்தில் ஏறி, முகமெல்லாம் சிவந்து, தலைமுடிக்குள்ளிருந்து வேர்வை வழியும். சற்று நேரத்தில் எல்லாம் அடங்கி உடம்பு சில்லிட்டுப் போகும். வீட்டில் போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டு உடனே அதையே தேடுவாள். அவள் கணவர் ஜவஹர் மின்விசிறியைக் கூட்டுவதும் குறைப்பதுமாக அலுத்துப்போய், "இன்னா சூடா, உனக்கு ஆடியும் மார்கழியும் ஒரே ராத்திரில வருது" என்றார். கடையில் உடன் வேலை பார்ப்பவர்கள், பேருக்கு ஏற்ற உடம்பு என்று கேலி செய்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

வைகாசியில் ஒருநாள் அவள் அரக்கு நிறப் பட்டைக் கட்டிக்கொண்டு நின்றபோது தாடையிலிருந்து ஒரு சொட்டு முந்தானையில் விழுந்தது. துடைக்கத் துடைக்க அது வட்டமாகப் பரவியது. வந்தவர்கள் வேறு புடவை எடுத்துக்கொண்டு போனார்கள்.

மாடிக்குப் பொறுப்பான வெள்ளைத்துரை அண்ணாச்சி கத்தவில்லை. அவர் கத்தியிருந்தால் அவளுக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. புடவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கூட்டம் போனபிறகு அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உன்னயக் குறை சொல்லலம்மா. பட்டுக்கு வேர்வை ஆவாது, அவ்வளவுதான். ஆடி முடியட்டும். ஆவணி முகூர்த்தத்துக்குள்ள சரியாவலன்னா கீழ உள்பாவாடைப் பிரிவுக்குப் போயிரு. அங்க வேலயும் கம்மி."

உள்பாவாடைப் பிரிவு தரைக்கும் கீழே இருந்தது. அங்கே யாரும் எதையும் கட்டிக் காட்டவேண்டியதில்லை. அளவைச் சொன்னால் எடுத்துப் போட்டுவிடலாம். அன்று மாலை அவள் சாப்பாட்டு அறையில் டிபன் டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த மெத்தையில் புடவை காட்டும் நோரா அவளைவிட இரண்டு வயது மூத்தவள், சாந்தோம்காரி. விஷயத்தைக் கேட்டுவிட்டு, இதற்கெல்லாம் மோர் குடித்தால் போதும் என்று யார் சொன்னது என்று திட்டினாள். தன் அண்ணி மயிலாப்பூரில் ஒரு பெண் டாக்டரிடம் போனதாகவும், இப்போது அவள் கோயில் பாட்டுக் குழுவில் விசிறி இல்லாமலே நிற்கிறாள் என்றும் சொன்னாள். வார விடுமுறையில் நோராவே கூட்டிக்கொண்டும் போனாள்.

டாக்டர் நிறையக் கேட்டார். மார்பில் கட்டி வந்ததுண்டா, காலில் ரத்தம் உறைந்ததுண்டா, குடும்பத்தில் யாருக்கும் புற்றுநோய் உண்டா என்று கேட்டுப் பரிசோதனைகளும் எழுதித் தந்தார். எல்லாம் பார்த்தபிறகுதான் தோலில் ஒட்டிக்கொள்ளும் மருந்துத் துண்டான பேட்சைப் பற்றிப் பேசினார். மாதவிலக்கு நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் என்ற சுரப்பு உடம்பில் குறைந்துபோகிறது, அதைத்தான் இது தோல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும் என்றார். சூடாமணிக்குக் கர்ப்பப்பையை முன்பே எடுத்துவிட்டதால் பேட்ச் மட்டும் போதும், கர்ப்பப்பை இருக்கிறவர்களுக்குக் கூடவே இன்னொரு மாத்திரையும் வேண்டும் என்றார். வாரத்துக்கு இரண்டு முறை புதிது மாற்ற வேண்டும். வயிற்றில் தொப்புளுக்குக் கீழே, அல்லது பின்பக்கம். பாவாடை நாடா அழுத்தும் இடத்தில் கூடாது. தோல் சுத்தமாக, ஈரமில்லாமல் இருக்க வேண்டும்.

ராயப்பேட்டை மருந்துக் கடையில் சொல்லிவைத்து வாங்கினார்கள். கண்ணாடிபோல் ஒரு சின்னத் துண்டு, ஸ்டிக்கர் பொட்டு அட்டையைவிடச் சிறியது. இதற்குள் என்ன இருக்கப்போகிறது என்று சூடாமணி நினைத்தாள். திங்களும் வியாழனும் மாற்றினாள். ஆனி பிறந்தபோது அனல் குறைந்திருந்தது. ஆனி நடுவில் அது வருவதே அரிதாகிவிட்டது. இரவில் ஒரே போர்வையில் தூங்கினாள். ஜவஹர் மின்விசிறியைக் கூட்டவா என்று அவராகவே கேட்டு, வேண்டாம் என்றதும் நம்பாமல் எழுந்து அவள் முகத்தைப் பார்த்தார். மூன்றாவது மாடியில் அவள் மறுபடியும் பட்டுக் கட்டினாள், திரும்பி நின்றாள்.

பிறகு ஆடி வந்தது.

ஆடி மாதம் முழுக்கச் செவ்வாயும் வெள்ளியும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பது சூடாமணி வீட்டு வழக்கம். அம்மா செய்தாள், இவளும் செய்தாள். நல்லெண்ணெயைக் காய்ச்சித் தலையிலிருந்து கால்வரை ஊறவிட்டு, சீயக்காய் போட்டுக் குளித்துவிட்டு எல்லையம்மன் கோயிலுக்குப் போய்வருவாள். முதல் வெள்ளியன்று குளித்துவிட்டு வந்தபோது அவளுக்கு ஒன்று தோன்றியது. பேட்ச் மாற்றும் நாளையும் செவ்வாய், வெள்ளி என்றே வைத்துக்கொண்டால் மறக்காது. டாக்டர் சுத்தமாக இருக்க வேண்டும் என்றாரே, எண்ணெய்க் குளியலைவிட உடம்பு சுத்தமாக இருக்கும் நேரம் வேறு எது? துண்டால் துடைத்துக்கொண்டு புதியதை ஒட்டினாள். ரொம்பவும் சரியாகச் செய்வதாக நினைத்தாள்.

இரண்டாவது வாரம் அனல் திரும்பி வந்தது. முதலில் இரவில் மட்டும். பிறகு ரயிலில், பிறகு கடையில். குளிக்கும்போது பேட்சைத் தேடினால் இருக்காது. துணியோடு போயிருக்கும் என்று விட்டுவிடுவாள். மருந்து உடம்புக்குப் பழகிப்போய்விட்டது, இனி வேலை செய்யாது என்று அவளாகவே முடிவு கட்டினாள். நோரா டாக்டருக்குப் போன் பண்ணு என்று சொல்லியும் கேட்கவில்லை. "விடுக்கா, எல்லாம் ஒரு மாசக் கூத்து" என்று சொல்லிவிட்டு, உள்பாவாடைப் பிரிவில் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தாள்.

ஆடிப்பெருக்கு செவ்வாய்க்கிழமை வந்தது. ஆடியில் கல்யாணச் சாமான் வாங்காதவர்கள்கூடப் பெருக்கு அன்று வாங்குவார்கள். மாடியில் காலையிலேயே கூட்டம். மயிலாப்பூரிலிருந்து சீதா என்ற அம்மாள் தன் மகள் பூஜாவுக்கு முகூர்த்தப் பட்டு எடுக்க வந்திருந்தார். நெற்றியில் வேர்வை அரும்பத் தொடங்கியதால் சூடாமணி பின்வாங்கப் பார்த்தாள். ஆனால் பூஜா மாம்பழ மஞ்சளில் ஒரு புடவையைக் காட்டி, கட்டினால் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும் என்றாள். அண்ணாச்சி தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். இதுதான் கடைசிப் பட்டு என்று நினைத்துக்கொண்டே சூடாமணி கட்டினாள்.

நன்றாகத்தான் கட்டினாள். வேர்வை விழுவதற்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கொசுவத்தை உருவி எடுத்துப் புடவையை மெத்தையில் போட்டபோதுதான் பூஜா குனிந்து பார்த்து, இது என்ன என்று கேட்டாள். இடுப்பில் செருகியிருந்த இடத்தில், மஞ்சள் பட்டின் மேல், கண்ணாடிபோல் ஒரு சின்னத் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

சூடாமணி அதை எடுக்கக் கையை நீட்டினாள். அதற்குள் அண்ணாச்சி வந்துவிட்டார். இரண்டு விரலால் அதை எடுத்தார். அது எளிதாகவே வந்துவிட்டது, பட்டில் ஒரு சுவடும் இல்லை. உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விலை இல்லை, எண் இல்லை. கீழே விலை ஒட்டும் ஆட்கள் எந்த ஸ்டிக்கரை எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் வேலை செய்கிறார்கள் என்று முணுமுணுத்தார்.

சீதா அம்மாள் அதைப் பார்த்தார். பிறகு சூடாமணியின் முகத்தைப் பார்த்தார், அதில் ஏறியிருந்த சிவப்பையும் பார்த்தார். கையை நீட்டினார்.

"அது என்னோடது. குடுங்கோ."

அண்ணாச்சி குழம்பிப்போய்க் கொடுத்தார். அந்த அம்மாள் அதைக் கைக்குட்டையில் மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, மகளை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு, சூடாமணியை நிலைக்கண்ணாடிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"இன்னிக்கு எண்ணெய் தேச்சுண்டேளா?"

சூடாமணி தலையாட்டினாள்.

"குளிச்சுட்டு வந்து ஒட்டிண்டேள். அப்படித்தானே?"

"சுத்தமா இருக்கணும்னு டாக்டர் சொன்னாங்கம்மா."

சீதா அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்புறம் நெருங்கி வந்து சொன்னார். "நானும் இதே கூத்துதான் பண்ணேன். எண்ணெய்ப் பிசுக்கு எத்தனை சீயக்காய் போட்டாலும் போகாது. பேட்ச் ஒரு மணி நேரம் நிக்கும், அப்புறம் பாவாடைக்குள்ள ஊர்வலம் போகும். எங்காத்துல என்னோடது பூஜா அப்பாவோட வேஷ்டில கிடைச்சது. அவர் காபி பாக்கெட் கிழிசல்னு குப்பைல போட்டுட்டார்."

சூடாமணிக்கும் சிரிப்பு வந்தது. மருந்து அவளைக் கைவிடவில்லை. அவள்தான் அதை உடம்பில் இருக்கவே விடவில்லை. இத்தனை நாளாக அவள் பேட்ச் போட்டுக்கொண்டது தன் உள்பாவாடைக்குத்தான் என்று நினைத்தபோது சிரிப்பு இன்னும் அதிகமாகி, கண்ணாடியின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். மஞ்சள் பட்டை அவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள்.

அன்று மாலையே டாக்டருக்குப் போன் செய்தாள். டாக்டரும் அதையே சொன்னார். எண்ணெய்க் குளியலை விட வேண்டாம், மாற்றும் நாளைத்தான் தள்ளி வையுங்கள், அந்த இடத்தில் மட்டும் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். சூடாமணி மறுபடி திங்களுக்கும் வியாழனுக்கும் போனாள். செவ்வாயும் வெள்ளியும் எண்ணெய் தேய்க்கும்போது ஒட்டிய இடத்தைச் சுற்றிவிட்டுத் தேய்த்தாள். ஆடி முடிவதற்குள் அனல் தணிந்துவிட்டது.

ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முந்தைய வாரம் மாடியில் நிற்க இடமில்லை. சூடாமணி காலையிலிருந்து பட்டுக் கட்டி அவிழ்த்துக்கொண்டே இருந்தாள். அண்ணாச்சி ஒவ்வொரு முறையும் அவள் நெற்றியைத்தான் பார்த்தார். மதியம் கூட்டம் சற்றுக் குறைந்ததும் அருகில் வந்தார்.

"கீழ போவாண்டாம். இங்கனயே நில்லு" என்றார்.

சொல்லிவிட்டும் போகவில்லை. புடவை அடுக்கைச் சரிசெய்வதுபோல் நின்றுகொண்டு, என்ன வைத்தியம் செய்தாய் என்று கேட்டார். சூடாமணிக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் பெருக்கு அன்று உள்ளங்கையில் வைத்துப் பார்த்தீர்களே, அதுதான் என்று சொல்லிவிட்டாள். அண்ணாச்சி தன் உள்ளங்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். காது இரண்டும் சிவந்துவிட்டன.  பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, தன் வீட்டிலும் ஒரு வருடமாக இப்படித்தான், கோடம்பாக்கமே கேட்கிற மாதிரிச் சண்டை நடக்கிறது, தான் என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமல் இருந்ததாகச் சொன்னார்.

செல்போனை எடுத்து வீட்டுக்குப் பேசினார். "இந்தா, நம்ம கடையில ஒரு பிள்ள பேசுது" என்பதற்குமேல் அவருக்கு வார்த்தை வரவில்லை. போனைச் சூடாமணியிடம் நீட்டினார்.

அவள் வாங்கிக் காதில் வைத்தாள். தன் பெயரைச் சொன்னாள். அனல் ஏறுமே அதைப் பற்றித்தான் என்றாள்.  அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் தணிந்து கேட்டது.

"அவிய பக்கத்துலயா நிக்காவ?"

"ஆமாங்க்கா."

"போச் சொல்லு முதல்ல."

சூடாமணி அண்ணாச்சியைப் பார்த்தாள். அவர் அதற்குள் கூரைப் புடவை அடுக்கு இருந்த மூலையை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தார்.