இடப்பக்கம் சாயும் படகு

பகல் கனவு காண்பதற்குக் கடையைவிட நல்ல இடம் லியாகத் அலிக்கு வாய்த்ததில்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் லுங்கி மொத்த வியாபாரம். காலையில் வெளியூர்க்காரர்கள் வந்து போய்விட்டால் மாலை வரை ஈ ஓட்டலாம். அவர் ஈ ஓட்டமாட்டார். லுங்கிக் கட்டுகளில் சாய்ந்துகொண்டு, எந்தத் தேசத்து ஏரியிலோ வெள்ளைக்காரர்கள் மீன் பிடிப்பதைச் செல்போனில் பார்ப்பார். மினுக்குகிற படகு, சுழலும் நாற்காலி, தண்ணீர்மேல் பனி. தூண்டில் வளையும், ஒரு மீன் துள்ளி எழும்பி ஒரு கணம் காற்றிலேயே நிற்கும். அப்போது லியாகத் அலியின் வாயும் லேசாகத் திறந்துகொள்ளும்.

அந்த மீனுக்கு நம் பக்கத்துச் சொந்தக்காரன் கொடுவா. ஐப்பசி மழையில் எண்ணூர்க் கழிமுகத்துத் தண்ணீர் உப்புக் குறையும்போது கடலிலிருந்து உள்ளே வரும். கரையில் நின்று தூண்டில் போடுகிறவனை அது மதிக்காது. பாலத்தூண் நிழலில், நடு ஆற்றில் நின்றுகொண்டு வேடிக்கை பார்க்கும். ஞாயிற்றுக்கிழமைதோறும் கரையில் நின்று கால் மரத்துப்போனதுதான் மிச்சம் என்றான பிறகு, ஐம்பத்தாறு வயதில் லியாகத் அலி ஒரு படகு வாங்கினார். புதிதல்ல, பழைய ஃபைபர் படகு.

முகத்துவாரக்குப்பத்தில் பழைய படகுகளைப் பழுதுபார்த்து விற்றுக் கொடுக்கும் செங்குட்டுவன்தான் அதைக் காட்டினான். "பழைய போட்டு வாங்கறது ரெண்டாந்தாரம் கட்டற மாரி பாய். மொத ஆளு எப்டி வச்சுக்கினு இருந்தான்னு விசாரிக்கணும்" என்று சொன்னவன், விசாரிக்கவில்லை. தவசிமுத்து என்பவருடைய படகு, அவர் போன வருஷம் இறந்துபோனார், பெண்டாட்டி காசிமேட்டில் மகள் வீட்டோடு போய்விட்டாள் என்ற அளவோடு நிறுத்திக்கொண்டான். ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தால் படகின் உடம்பெல்லாம் தட்டிக் காட்டினான். உள்ளே ஈரம் இறங்கியிருந்தால் சத்தம் அமுங்கும். எல்லா இடத்திலும் 'டொக் டொக்' என்று சுத்தமாகவே கேட்டது. எஞ்சினைப் பொருத்தும் கட்டை மட்டும் ஒரு சாண் இடப்பக்கம் தள்ளி இருந்தது. "அது கைவாட்டத்துக்கு வச்சிருப்பாங்க" என்றான். முன்பக்கம் வலது ஓரத்தில் ஒரு பலகை, யாரோ பல வருஷம் உட்கார்ந்து வழுவழுப்பாகியிருந்தது. லியாகத் அலிக்கு அதைப் பார்த்ததும், டிபன் பாக்ஸ் வைக்கத் தோதாக இருக்கும் என்று தோன்றியது.

வீட்டில் மட்டும் அவர் மூச்சு விடவில்லை. மகன் அத்னான் ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போனதிலிருந்து வீட்டில் அவரும் ஜெரினாவும்தான். சொன்னால் வேண்டாம் என்பாள், வாங்கிவிட்டுச் சொல்லலாம் என்று இருந்துவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், ஆறு மீட்டர் படகை எங்கே மறைப்பது? முதல் முறை தண்ணீரில் இறக்கிய அன்று படகு இடப்பக்கம் சாய்ந்து, ஒரு அலைக்கு அவரையும் சேர்த்துக் கவிழ்க்கப் பார்த்தது. இடுப்புவரை நனைந்து சேறும் சகதியுமாக வீட்டுக்கு வந்து நின்றபோது கதை வெளியே வந்தது.

ஜெரினா சண்டை போடவில்லை. பேச்சை நிறுத்திக்கொண்டாள். அவரிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அன்றிலிருந்து ஃபிரிட்ஜிடம் சொன்னாள். "ஆணம் ஆறிப்போவுது, வந்து துன்னச் சொல்லு." ஃபிரிட்ஜும் உர்ரென்று கேட்டுக்கொண்டது. ஒருநாள் அதே ஃபிரிட்ஜிடம், "மழைக்குள்ள அந்தப் போட்டு தண்ணில நேரா நின்னா வச்சுக்கட்டும். இல்லாங்காட்டி வித்துட்டு வரச் சொல்லு. தண்ணில போற உசுரு எனக்கு வேணும்" என்றாள். லியாகத் அலி ஃபிரிட்ஜைப் பார்த்துத் தலையாட்டினார். அந்தக் கடைசி வார்த்தையை நினைத்துக்கொண்டு ராத்திரி நெடுநேரம் விழித்துக் கிடந்தார் பாவம்.

செங்குட்டுவன் சாய்மானம் பார்க்க ஓர் எலுமிச்சம்பழம் வைத்திருந்தான். காலிப் படகை ஆற்றில் மிதக்கவிட்டு நடுப்பலகையில் பழத்தை வைத்தால், அது யோசிக்காமல் இடப்பக்கம் உருளும். லியாகத் அலி பின்னால் ஏறி எஞ்சின் பிடியைப் பிடித்தால் இன்னும் வேகமாக உருளும். எஞ்சினைத் துடைத்துப் பார்த்தான், அடிப்பாகத்தைச் சுரண்டிப் பார்த்தான். கடைசியில், "தட்டனா தெரியாத ஈரம் கீது பாய். மெதக்கறதுக்கு உள்ள தெர்மாகோல் வச்சு மூடிக்கிறாங்க இல்ல, அது இடப்பக்கம் ஊறிப்பூட்ச்சு. கவுத்துப் போட்டு வடிய வுடணும்" என்றான்.

படகைக் கரைக்கு ஏற்றி, பழைய லாரி டயர்கள்மேல் கவிழ்த்தார்கள். இடப்பக்கம் துளை போட்டுவிட்டு, தண்ணீர் சொட்டும் என்று காத்திருந்தார்கள். சொட்டவில்லை. மதியங்களில் கடையைப் பங்காளியிடம் விட்டுவிட்டு லியாகத் அலி வந்து, கவிழ்ந்த படகுக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்துக்கொள்வார். வெயில் ஃபைபருக்குள் ஊறி உள்ளே பச்சையாக இறங்கும். கையும் பச்சை, வெள்ளைச் சட்டையும் பச்சை. வெளியே அனல்மின் நிலையத்தின் இரைச்சல், எங்கோ துறைமுகத்துக் கப்பலின் ஊதல், எல்லாம் தண்ணீருக்கு மேலே நடப்பதுபோல் தூரமாகிவிடும். கண்ணை மூடினால் ஆற்றின் அடியில் கிடப்பார். அவருக்கு மேலே பெரிய கொடுவா ஒன்று, கண் பொன்னாக மின்ன, மெதுவாகத் திரும்பிப் போகும். ஏதோ கேட்க வந்து கேட்காமல் போகிற முகம் அதற்கு. விழித்தெழும்போதெல்லாம் பக்கத்தில் யாரிடமாவது இதைச் சொல்ல வேண்டும்போல் இருக்கும்.

வானம் கறுக்கத் தொடங்கியது. துளையில் ஒன்றும் வடியாததால் செங்குட்டுவன் கட்டிங் மிஷினை எடுத்து, இடப்பக்கம் ஒரு கதவு அகலத்துக்கு அறுத்துத் திறந்தான். உள்ளே தெர்மாகோல் வெள்ளை வெளேரென்று, கல்யாணப் பந்தலில் வெட்டி ஒட்டலாம்போல் காய்ந்திருந்தது. நல்ல படகை அறுத்துவிட்டோம் என்பது இருவருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது. லியாகத் அலி மணலில் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான், விற்றுவிட வேண்டியதுதான் என்று நினைத்தார்.

கடற்கரையில் சேதிக்குக் கால் அதிகம். மறுநாளே சிவந்தி ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். தவசிமுத்துவின் பெண்டாட்டி. நல்ல கனத்த உடம்பு, மூச்சு வாங்க வந்தவள், அறுபட்ட இடத்தைக் கையால் தடவிப் பார்த்தாள்.

"இன்னாத்துக்குய்யா என் போட்ட அறுத்த?"

"சாயுதுக்கா. உள்ள தண்ணி நின்னுக்கினு கீதுன்னு பார்த்தோம்" என்றான் செங்குட்டுவன்.

"சாயாம? கூட யாரு ஏறினா?"

"யாரும் ஏறல. நான் மட்டுந்தான்" என்றார் லியாகத் அலி.

சிவந்தி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒத்தை ஆளா? ஒத்தையா போவறதுக்கு எவனாச்சும் போட்டு வாங்குவானா பாய்?"

பிறகு அவளே சொன்னாள். தவசிமுத்து ஒல்லிக் குச்சி. அவர் பின்னால் எஞ்சினைப் பிடித்துக்கொள்ள, இவள் முன்னால் வலது ஓரத்துப் பலகையில் உட்கார்ந்து கொடுவாத் தூண்டில் போடுவாள். புதுப் படகு முதல்நாள் இவள் கனத்துக்கு வலப்பக்கம் சாய்ந்தது. ஊரே சிரித்தது. தவசிமுத்து யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், எஞ்சின் கட்டையைப் பெயர்த்து ஒரு சாண் இடப்பக்கம் வைத்தார். அதன்பிறகு படகில் வைத்த டீ தளும்பியதில்லை.

"அவுரு போனப்புறம் நான் ஒருநாளு தள்ளினு போனேன். பின்னாடி ஒக்காந்தா போட்டு இடப்பக்கம் படுத்துக்கிச்சு. முன்னாடி என் எடம் காலியா கீது, நான் பின்னாடி கீறேன். திரும்பி வந்து வித்துட்டேன்." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கட்டையை நடுவுல வச்சுக்கோ பாய். ஒத்தை ஆளுக்கு நேரா நிக்கும். நான் ஒண்ணியும் நெனச்சுக்க மாட்டேன்."

"அரை நாளு வேலை" என்றான் செங்குட்டுவன் சுறுசுறுப்பாக. "இப்பவே கழட்டட்டா? மழைக்கு முன்னாடி எறக்கிடலாம்."

லியாகத் அலி விரும்பியது அதுதான். படகு நேராக நிற்கும், ஜெரினாவுக்குக் கொடுத்த வாக்கும் நிற்கும், நடு ஆற்றில் தன்னந்தனியாகக் கொடுவாவுக்குக் காத்திருக்கலாம். சரி என்று சொல்ல வாயைத் திறந்தார். அந்த வழுவழுப்பான பலகை கண்ணில் பட்டது. அதில் டிபன் பாக்ஸ் வைக்கப் பார்த்தோமே என்று வெட்கமாக இருந்தது. "அறுத்த எடத்த மட்டும் ஒட்டு. கட்டையத் தொடாத" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

வீட்டில் ஜெரினா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் ஃபிரிட்ஜுக்கு முதுகு காட்டி, அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். தவசிமுத்துவின் ஒரு சாண், சிவந்தியின் பலகை, பச்சை வெளிச்சம், கேட்காமல் போகும் கொடுவா வரைக்கும். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத ஆள் என்பதை அவரே மறந்துபோயிருந்தார்.

ஜெரினா கீரையைப் பார்த்துக்கொண்டே, "என் வெயிட்டு தேவைப்படுது, அதான் கூப்புட வந்தீங்களா அத்னான் அத்தா?" என்றாள்.

"வெயிட்டுக்கு மணல் மூட்டை போதும். கட்டையை நகத்தினா அதுவும் வேணாம். வேணான்ட்டு வந்துகீறேன்."

அவள் கை நின்றது. "போட்டு வாங்கினதுக்கா நான் பேசாம இருந்தேன்? இத்தினி பெரிசு வாங்கினீங்க. ஒரு ஆளு ஒக்காரத்தான் எடம் பாத்தீங்க." குரல் உடைந்துவிட்டது. லியாகத் அலி ஒரு கீரைத்தண்டை எடுத்துத் தானும் ஆய்ந்தார், முற்றலையும் சேர்த்து. அவள் அதைப் பிடுங்கிக்கொண்டு, அவருக்குப் பின்னால் இருந்த ஃபிரிட்ஜைப் பார்த்து, "ஞாயித்துக்கெழம எத்தினி மணிக்குக் கெளம்பணுமாம், கேளு" என்றாள்.

ஞாயிறு விடியலில் கழிமுகம் பால் ஊற்றியது போலக் கிடந்தது. புகைபோக்கிகளின் அடி தெரியவில்லை, தலை மட்டும் பனிக்கு மேலே மிதந்தது. கொக்குகள் சேற்றில் ஒற்றைக் காலில் தூங்கின. ஜெரினா புர்காவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பிஸ்மில்லா சொல்லி, செங்குட்டுவனின் தோளை அழுத்திக்கொண்டு படகில் கால் வைத்தாள். படகு ஒருதரம் பயமுறுத்தியது. லியாகத் அலி பின்னால் எஞ்சினைப் பிடித்திருக்க, அவள் முன்பலகையில் போய் உட்கார்ந்தாள். சாய்ந்து கிடந்த படகு மெல்ல நிமிர்ந்தது.

செங்குட்டுவன் நடுப்பலகையில் எலுமிச்சம்பழத்தை வைத்தான். அது அப்படியே நின்றது. அவன் அதை எடுக்காமலே படகைத் தள்ளிவிட்டான்.

பாலத்தூண் பக்கம் எஞ்சினை அணைத்தார் லியாகத் அலி. பனிக்குள் எங்கோ தண்ணீர் 'பளக்' என்று உடைந்தது. ஏதோ பெரியதுதான். ஜெரினா பயப்படவில்லை. சத்தம் வந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பினாள். அவளுடைய வாயும் லேசாகத் திறந்திருந்தது.

"எனக்கு எங்கங்க தூண்டிலு?" என்று கேட்டாள்.

லியாகத் அலி ஒன்றுதான் வாங்கியிருந்தார். அதை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.